ஈஸ்ட் தன் தேவைக்கு மிஞ்சிய ஆர்ஜினினை எங்கே, எதற்காக வைத்திருக்கிறது?

நொதிமாணவி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். ஆய்வுத்திட்டத்துக்காகச் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட்டை, குளுக்கோசும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புகளும் வைட்டமின்களும் மட்டுமே உள்ள ஊடகத்தில் வளர்த்தேன். செல்களை வடிதாளில் பிடித்துக் குளிர்நீரால் கழுவி, கொதிநீரில் வைத்து, வெளிவந்த அமினோ அமிலங்களைக் குரோமடோகிராபி முறையில் பிரித்து அளந்தேன். ஊடகத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதும் சேர்க்கவில்லை. இருந்தும் செல்லுக்குள் கிடைத்தவற்றில் குளுட்டமேட்டுக்கு அடுத்தபடியாக ஆர்ஜினின் மிகுந்திருக்கிறது.

எனக்குப் புரியாதவை இரண்டு. ஆர்ஜினின் மிகுந்தால் அதைச் சிதைக்கும் ஆர்ஜினேஸ் என்ற நொதி உருவாகும் என்றும், ஆர்ஜினின் தன்னுடைய உற்பத்தியைத் தானே அடக்கும் என்றும் படித்திருக்கிறேன். என் செல்களில் இரண்டுமே நடந்ததாகத் தெரியவில்லை. ஆர்ஜினேஸ் மிகக் குறைவாகவே இருக்கிறது. அடுத்தது, அதே செல்களுக்கு வெளியிலிருந்து ஆர்ஜினின் கொடுத்தபோது, உள்ளே இவ்வளவு இருந்தும் அவை தயங்காமல் எடுத்துக்கொண்டன. தேவைக்கு மேல் இருக்கும் ஒன்றை ஒரு செல் ஏன் மேலும் வாங்கிக்கொள்ள வேண்டும்? என் அளவீட்டில் பிழை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகத்தார்:

உங்கள் அளவீட்டில் பிழை இல்லை. செல் முழுவதையும் கொதிக்க வைத்து ஒரே எண்ணாகப் பார்த்ததால்தான் குழப்பம் வந்தது. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் இருக்கும் நெல்லை எல்லாம் ஒன்றாகக் கொட்டி அளந்துவிட்டு, அடுக்களையில் இவ்வளவு நெல் இருக்கிறதே, ஏன் இன்னும் உலை வைக்கவில்லை என்று கேட்பதைப் போன்றது இது. நெல் அடுக்களையில் இல்லை, குதிரில் இருக்கிறது.

ஈஸ்ட் செல்லின் குதிர், செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட பையான வாக்குவோல். ஆண்ட்ரெஸ் வீம்கென், மத்தியாஸ் டூர் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், செல்லின் அமினோ அமிலங்கள் சைட்டோசால் என்ற செல்நீரிலும் வாக்குவோலிலும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று காட்டினார்கள். ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின் போன்ற காரத்தன்மை உள்ளவை பெரும்பாலும் வாக்குவோலில் இருக்கின்றன. குளுட்டமேட்டும் அஸ்பார்ட்டேட்டும் பெரும்பாலும் சைட்டோசாலில் இருக்கின்றன. உங்களுடையதைப் போன்ற ஊடகத்தில் வளர்ந்த செல்லில், ஆர்ஜினினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாக்குவோலுக்குள் இருப்பதாகப் பின்னர் வந்த ஆய்வுகளும் கண்டன.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். செல்லின் கொள்ளளவில் வாக்குவோல் ஐந்தில் ஒரு பங்கு என்றும், ஆர்ஜினினில் 90 சதவீதம் அதற்குள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 90 பங்கு ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் நெருங்கிக் கிடக்கிறது, 10 பங்கு ஐந்தில் நான்கு பங்கு இடத்தில் பரவிக் கிடக்கிறது. வகுத்துப் பார்த்தால் வாக்குவோலின் செறிவு சைட்டோசாலின் செறிவைப் போல் 36 மடங்கு வரும். ஆர்ஜினேஸ் மரபணுவைத் தூண்டும் புரதங்களும், ஆர்ஜினின் உற்பத்தியை அடக்கும் புரதங்களும் அறிவது சைட்டோசால் பக்கத்துச் செறிவை மட்டுமே. அந்தப் பக்கம் ஆர்ஜினின் குறைவாக இருப்பதால் அவை குறைவுக்கு ஏற்றபடி நடந்துகொள்கின்றன. உங்கள் செல் தன்னளவில் சரியாகவே கணக்கிடுகிறது.

அறைகளைத் தனித்தனியே அளக்க வேண்டுமானால் தாமிர முறையைப் பயன்படுத்துங்கள். மிகக் குறைந்த அளவு தாமிர அயனிகளோடு செல்களைச் சில நிமிடங்கள் வைத்தால், வெளிப்புறப் பிளாஸ்மா சவ்வு ஒழுகத் தொடங்கிவிடும், வாக்குவோலின் சவ்வு உறுதியாக நிற்கும். ஒழுகி வந்த நீரைத் தனியாக எடுத்துக்கொண்டு, மீதிச் செல்களைக் கொதிக்க வையுங்கள். முதல் பகுதி சைட்டோசாலுடையது, இரண்டாம் பகுதி வாக்குவோலுடையது. 1988-இல் டோக்கியோவில் யசுஹிரோ அன்ராகுவின் ஆய்வகத்தார் சீர்செய்து வெளியிட்ட முறை இது. இன்றுவரை இதைவிட எளிமையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாகைநிழல்:

நான் இலங்கையில் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடநூல்களில் ஈஸ்ட்டை மதுவம் என்றும் வாக்குவோலைப் புன்வெற்றிடம் என்றும் எழுதுவோம். இந்த இழையை வாசிக்கும்போது அந்தச் சொல்லின் குறை எனக்கு உறைக்கிறது. ஆர்ஜினின் இவ்வளவு அடர்ந்து கிடக்கும் ஓர் உறுப்பை வெற்றிடம் என்று மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஐயாவிடம் ஒரு கேள்வி. 36 மடங்கு என்றால், ஆர்ஜினின் தானாகவே வெளியே கசிந்து சமநிலைக்கு வர முயலும் அல்லவா? அதை உள்ளே தள்ளுவது எது, தடுத்து வைத்திருப்பது எது?

பழைய ஆய்வகத்தார்:

நல்ல கேள்வி. தள்ளுவது ஒன்று, பிடித்து வைப்பது மற்றொன்று.

வாக்குவோலின் சவ்வில் வி வகை ஏடிபியேஸ் என்ற பெரிய புரதத் தொகுதி ஒன்று இருக்கிறது. அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை வாக்குவோலுக்குள் ஏற்றுகிறது. அதனால் உட்புறம் அமிலமாகவும், சைட்டோசாலைவிட நேர்மின் தன்மை மிகுந்ததாகவும் ஆகிறது. உள்ளே ஏறிய புரோட்டான் வெளியே வரத் துடிக்கிறது. அது வெளியே வரும் வழியில் ஒரு கடத்திப் புரதம் அமர்ந்துகொண்டு, புரோட்டானை வெளியே விடுவதற்கு ஈடாக ஓர் அமினோ அமிலத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. யொஷினோரி ஓசுமியும் அன்ராகுவும் 1981-இல் வாக்குவோல் சவ்வைத் தனியே பிரித்தெடுத்து, அதிலிருந்து உருவான நுண்பைகளில் இந்தப் பரிமாற்றத்தை நேரடியாக அளந்து காட்டினார்கள். கடத்திகளின் மரபணுக்கள் தெரியவர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. நடுநிலை அமினோ அமிலங்களுக்கு ஏவிடி1, காரத்தன்மை உள்ளவற்றுக்கு விபிஏ1 முதலிய புரதங்கள் என்று 2001-க்குப் பின் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள்.

பிடித்து வைப்பதில் பாலிபாஸ்பேட்டுக்குப் பங்கு உண்டு. பாஸ்பேட்டுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த மூலக்கூறு இது, வாக்குவோலில் ஏராளமாக இருக்கிறது, முழுவதும் எதிர்மின் தன்மை கொண்டது. ஆர்ஜினின் நேர்மின் தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஆர்ஜினின் உள்ளே தங்குவது எளிதாகிறது, அவ்வளவு கரைபொருள் இருந்தும் வாக்குவோல் நீரை உறிஞ்சி வீங்கிவிடாமல் இருக்கவும் அது உதவுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் ஒரே அறையில், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு சேமிக்கப்படுகின்றன. இந்த அமைப்பை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆர்ஜினினைச் சேமிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு கார்பன் அணுக்களுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்களைச் சுமக்கும் மூலக்கூறு அது. நைட்ரஜனை அடக்கமாக வைத்துக்கொள்ள, புரதங்களில் உள்ள இருபதில் அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

வடிசாலைப் பொறுப்பாளர்:

நான் பல ஆண்டுகளாக மொலாசஸ் நொதிக்கும் வடிசாலையில் பணியாற்றுகிறேன். கோட்பாடு எனக்கு அவ்வளவு தெரியாது, தொட்டிக்குள் நடப்பது தெரியும். சேமிப்பைப் பற்றிப் பேசும்போது, எடுத்துக்கொள்ளும் வாசலிலேயே ஈஸ்ட் எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்கிறது என்பதையும் பேச வேண்டும்.

மால்ட் சாற்றில் இருபது அமினோ அமிலங்களும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆனால் ஈஸ்ட் அவற்றை ஒன்றாக எடுப்பதில்லை. ஜோன்ஸ், பியர்ஸ் என்ற இருவர் 1964-இல் பீர் நொதித்தலை அளந்து, நான்கு கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஆர்ஜினின், லைசின், அஸ்பராஜின், குளுட்டமேட், செரின், திரியோனின் முதலியவை தொடக்கத்திலேயே வேகமாக மறைகின்றன. லூசின், வேலின், ஹிஸ்டிடின், மெத்தியோனின் போன்றவை நிதானமாகக் குறைகின்றன. கிளைசின், அலனின், டிரிப்டோபான், டைரோசின் ஆகியவற்றை முதல் கூட்டம் தீரும்வரை ஈஸ்ட் தொடுவதில்லை. கடைசியில் புரோலின் மட்டும் அப்படியே நிற்கும். திராட்சைச் சாற்றிலும் இதே கதைதான், அங்கே புரோலின் மிகுதியாக இருந்தும் ஒயினில் அது மிஞ்சிவிடுகிறது.

புரோலினுக்குக் காரணம் எளிது. அதைச் சிதைக்கும் முதல் நொதி மைட்டோகாண்டிரியாவில் இருக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய தொட்டியில் ஆக்சிஜன் ஏது? இதனால் ஆர்ஜினினிலும் ஒரு நட்டம் வருகிறது. ஆர்ஜினினின் நான்கு நைட்ரஜனில் இரண்டு யூரியாவாகக் கிடைக்கின்றன, யூரியா போக மிஞ்சும் ஆர்னித்தினிலிருந்து இன்னொன்று கிடைக்கிறது, நான்காவது புரோலினில் மாட்டிக்கொள்கிறது. காற்றில்லாத தொட்டியில் ஈஸ்ட்டுக்கு நான்கில் மூன்றுதான் கைக்கு வரும்.

மற்ற மூன்று கூட்டங்களின் வரிசைக்கு என்ன காரணம் என்பதை யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். அத்துடன் ஒரு நடைமுறைச் செய்தி. நொதித்தலின் தொடக்கத்திலேயே டி.ஏ.பி. என்ற அம்மோனியம் பாஸ்பேட் உரத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், அமினோ அமிலங்களை ஈஸ்ட் எடுப்பது தள்ளிப்போகிறது. எங்கள் தொட்டிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நைட்ரஜன் பற்றாக்குறை வந்துவிடக் கூடாதென்று நல்லெண்ணத்தோடு போடும் உரமே இப்படி வாசலை மூடிவிடுகிறது.

சவ்வுப்புரதம்:

வடிசாலைப் பொறுப்பாளர் கேட்ட வரிசைக்கான விடை, பிளாஸ்மா சவ்வில் எந்தக் கடத்தி எப்போது நிற்கிறது என்பதில் இருக்கிறது. நான் அந்தத் துறையில் ஆய்வு செய்பவன், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஈஸ்ட்டின் பிளாஸ்மா சவ்வில் அமினோ அமிலக் கடத்திகள் ஏறத்தாழ இருபது வகை உண்டு. ஒவ்வொன்றும் சவ்வைப் பன்னிரண்டு முறை குறுக்கே துளைத்து மடிந்திருக்கும் புரதம். வெளியில் இருக்கும் புரோட்டான் உள்ளே ஓடிவரும் வேகத்தோடு அமினோ அமிலத்தையும் சேர்த்து இழுத்து வருவதே இவற்றின் வேலை. அந்தப் புரோட்டானை மீண்டும் வெளியேற்ற, பிஎம்ஏ1 என்ற இன்னொரு பம்பு ஏடிபியைச் செலவழிக்கிறது. ஆகவே வாசலில் ஒரு செலவு, வாக்குவோலில் இன்னொரு செலவு என்று, ஓர் ஆர்ஜினினைக் குதிரில் சேர்க்க ஈஸ்ட் இருமுறை விலை கொடுக்கிறது. தேவையற்ற ஒன்றுக்கு எந்த உயிரும் இருமுறை விலை கொடுக்காது என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கடத்திகளில் சில குறிப்பிட்ட ஒன்றிரண்டு அமினோ அமிலங்களுக்கே உரியவை. ஆர்ஜினினுக்குக் கேன்1, லைசினுக்கு லிப்1, ஹிஸ்டிடினுக்கு ஹிப்1, புரோலினுக்குப் புட்4. இவற்றுக்கு மாறாகக் கேப்1 என்ற பொதுக் கடத்தி எல்லா அமினோ அமிலங்களையும் ஏற்றுக்கொள்ளும். பிரசெல்ஸில் மார்செல் கிரென்சன் என்ற அம்மையார் 1960-களில் தனிக் கடத்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, 1970-இல் இந்தப் பொதுக் கடத்தியை விவரித்தார். நாம் இன்று இந்த இழையில் பேசுவதில் பாதி அவர் போட்ட அடித்தளம்.

கேன்1 என்ற பெயருக்குப் பின்னால் நம் ஊருக்குத் தெரிந்த ஒரு செடி இருக்கிறது. வாளவரை, தம்பட்டங்காய் என்றெல்லாம் சொல்கிறோமே, அந்தக் குடும்ப அவரையின் விதைகளில் கனவனின் என்ற நச்சு அமினோ அமிலம் உண்டு. வடிவில் ஆர்ஜினினைப் போலவே இருப்பதால், ஈஸ்ட் அதை அதே வாசல் வழியாக உள்ளே விட்டு, புரதங்களில் ஆர்ஜினினுக்குப் பதிலாகக் கோத்துக் கெட்டுப்போகிறது. கனவனின் கலந்த அகார் தட்டில் கோடிக்கணக்கான செல்களைப் பரப்பி வைத்தால் தட்டு வெறுமையாகக் கிடக்கும். இரண்டு மூன்று நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள் எழும். கேன்1 மரபணு உடைந்துபோனதால் நச்சை உள்ளே விடாமல் பிழைத்தவை அவை. அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் ஈஸ்ட்டில் சடுதிமாற்ற வேகத்தை இன்றும் பல ஆய்வகங்கள் கணக்கிடுகின்றன. ஆனால் இந்தச் சோதனையை அம்மோனியம் உள்ள ஊடகத்தில்தான் செய்ய வேண்டும். புரோலினையோ யூரியாவையோ நைட்ரஜனாகக் கொடுத்தால் கேப்1 திறந்துகொள்ளும், கேன்1 உடைந்த செல்லுக்குள்ளும் கனவனின் அந்த வழியாக நுழைந்துவிடும்.

வரிசையின் காரணம் இதிலேயே அடங்கியிருக்கிறது. அம்மோனியம், குளுட்டமின், அஸ்பராஜின் போன்ற நல்ல நைட்ரஜன் இருக்கும்வரை கேப்1, புட்4 முதலியவற்றின் மரபணுக்கள் அடக்கி வைக்கப்படுகின்றன. ஜிஎல்என்3 என்ற தூண்டுபுரதம் உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்படுவதே அதற்குக் காரணம். ஆகவே தொடக்கத்தில் தனிக் கடத்தி உள்ளவை முதலில் நுழைகின்றன. நல்லவை தீர்ந்த பிறகுதான் கேப்1 சவ்வுக்கு வருகிறது, அப்போதுதான் கிளைசினுக்கும் அலனினுக்கும் வழி பிறக்கிறது. டி.ஏ.பி.யைக் கொட்டினால் அந்த நேரம் தள்ளிப்போகத்தான் செய்யும்.

மரபணுவை அடக்குவதோடு ஈஸ்ட் நின்றுவிடுவதில்லை. புரோலினில் வளர்ந்து, சவ்வெங்கும் கேப்1 நிற்கும் செல்லுக்குத் திடீரென்று அம்மோனியம் கொடுத்தால், ஆர்எஸ்பி5 என்ற நொதி கேப்1-இன் முன்முனையில் 9-ஆம், 16-ஆம் இடங்களில் உள்ள லைசின்களில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது. அந்த அடையாளம் ஒட்டிய கேப்1 உள்ளிழுக்கப்பட்டு, வாக்குவோலுக்குக் கொண்டுபோய்ச் சிதைக்கப்படுகிறது. நேற்றுவரை அமினோ அமிலங்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்த வாயிற்காவலனே இன்று அமினோ அமிலங்களாக உடைந்து அதே குதிரில் சேர்கிறான்.

இன்னொன்றையும் விடக் கூடாது. எஸ்எஸ்ஒய்1 என்ற புரதம் கடத்தியைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் எதையும் கடத்தாது. வெளியில் அமினோ அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் பணி. இருந்தால், எஸ்எஸ்ஒய்5 என்ற புரதச்சிதைப்பி விழித்துக்கொண்டு, எஸ்டிபி1, எஸ்டிபி2 என்ற தூண்டுபுரதங்களின் முன்பகுதியை வெட்டி விடுகிறது. வெட்டுப்பட்டவை உட்கருவுக்குள் சென்று, ஏஜிபி1, பிஏபி2 போன்ற கடத்திகளின் மரபணுக்களை இயக்குகின்றன. பசியால் திறக்கும் வாசல் கேப்1 என்றால், வெளியே விருந்து இருப்பதைக் கண்டு திறக்கும் வாசல்கள் இவை.

நொதிமாணவி:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. தாமிர முறையைச் செய்து பார்த்தேன். முதல் முறை தவறிவிட்டது. தாமிரத்தோடு வைத்த பிறகு செல்களை வெறும் நீரால் கழுவினேன், ஆர்ஜினின் முழுவதும் முதல் பகுதியிலேயே வந்துவிட்டது. வாக்குவோலில் ஆர்ஜினினே இல்லை என்று முடிவு காட்டியது. இரண்டு நாள் மிகவும் மனம் சோர்ந்திருந்தேன். பிறகுதான், வெளிச்சவ்வு ஒழுகிவிட்ட செல்லில் வாக்குவோல் நேராக நீரைச் சந்திக்கிறது, அது வீங்கி வெடித்திருக்க வேண்டும் என்று விளங்கியது. அடுத்த முறை, நீர் உள்ளே பாய்ந்து வாக்குவோல் வீங்காமலிருக்க, எல்லாக் கரைசல்களிலும் சார்பிட்டால் என்ற கரைபொருளைச் சேர்த்தேன். இப்போது ஆர்ஜினினும் லைசினும் பெரும்பாலும் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன, குளுட்டமேட் பெரும்பாலும் முதல் பகுதியில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பழைய ஆய்வகத்தார்:

மகிழ்ச்சி. வாக்குவோல் வெடித்ததைக் காட்டிய அந்த முதல் முடிவையும் குறிப்பேட்டில் வைத்திருங்கள். உங்கள் முறைக்கு அதுவே ஒரு ஒப்பீட்டுச் சோதனை. இனிச் செய்யும்போது எஃப்எம்4-64 என்ற சாயத்தை முன்னதாக ஊட்டிவிட்டு, தாமிரத்துக்குப் பின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். வாக்குவோலின் சவ்வு சிவந்த வளையமாகத் தெரியும். வளையம் முழுதாக இருந்தால் உங்கள் இரண்டாம் பகுதியை நம்பலாம்.

சவ்வுப்புரதம்:

இங்கே பெரியவரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். குதிர் என்ற உவமை ஆர்ஜினினுக்குப் பொருந்தும். எல்லா அமினோ அமிலங்களுக்கும் பொருந்தாது. சிலவற்றை ஈஸ்ட் வாக்குவோலில் வைப்பது பின்னாளில் எடுத்து உண்பதற்காக அல்ல, சைட்டோசாலை அவற்றிடமிருந்து காப்பதற்காக.

2012-இல் ஆடம் ஹியூஸ், டேனியல் காட்ஸ்லிங் இருவரும் வயதாகும் தாய்ச்செல்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு தாய்ச்செல் சில முறை மொட்டுவிட்ட உடனேயே, அதாவது இளமையிலேயே, அதன் வாக்குவோலின் அமிலத்தன்மை குறையத் தொடங்குகிறது. அதன் பின்பு மைட்டோகாண்டிரியா சீர்கெடுகிறது. வாக்குவோலின் அமிலத்தன்மையைத் தக்கவைத்தால் மைட்டோகாண்டிரியாவும் தப்புகிறது, செல்லின் ஆயுளும் நீள்கிறது. வாக்குவோலுக்குள் நடுநிலை அமினோ அமிலங்களைச் சேர்க்கும் பணி தடைப்படுவதையே இதற்கான தொடர்பாக அவர்கள் முன்வைத்தார்கள். 2020-இல் ஹியூஸின் ஆய்வகம் மேலும் சென்று, முக்கியக் குற்றவாளி சிஸ்டீன் என்று கண்டது. வாக்குவோல் அமிலம் இழந்தால் சிஸ்டீன் சைட்டோசாலில் மிகுந்து, செல்லுக்குக் கிடைக்கும் இரும்பின் அளவைக் குலைக்கிறது. இரும்பை நம்பி இயங்கும் மைட்டோகாண்டிரியா முதலில் விழுகிறது.

உள்ளே வந்துவிட்ட அமினோ அமிலத்தை வந்த வழியே வெளியேற்றுவதும் எளிதல்ல. லிப்1 லைசினை உள்ளே கொண்டுவரும், வெளியே விடுவது அரிது என்று குரோனிங்கனில் பெர்ட் பூல்மனின் ஆய்வகம் அளந்திருக்கிறது. கேப்1-ஐ எப்போதும் சவ்வில் நிற்கும்படி மாற்றிய ஈஸ்ட், ஊடகத்தில் ஓர் அமினோ அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தாலே வளராமல் தவிக்கிறது. ஒருவழிப் பாதையில் ஏராளமாக உள்ளே வந்துவிட்டால் போகுமிடம் ஒன்று வேண்டும், அந்த இடம் வாக்குவோல். மாணவி கேட்ட இரண்டாம் கேள்விக்கு, அதாவது உள்ளே நிறைந்திருந்தும் செல் ஏன் ஆர்ஜினினை வாங்கியது என்பதற்கு, வாக்குவோல் சைட்டோசாலைக் காலியாக வைத்துக்கொண்டே இருந்தது என்பதே என் விடை.

பழைய ஆய்வகத்தார்:

சிஸ்டீனைப் பொறுத்தவரை உங்கள் கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். அதைக் குதிர் என்பது தவறு. ஆனால் ஆர்ஜினினிடம் அந்த விளக்கத்தை நீட்டாதீர்கள். மாணவியின் செல்கள் வளர்ந்த ஊடகத்தில் ஆர்ஜினினே இல்லை. அவை அதைத் தாமே உருவாக்கிக் குதிரில் வைத்தன. தற்காப்பு மட்டுமே நோக்கம் என்றால் உருவாக்காமலேயே இருந்திருக்கலாம். நைட்ரஜன் நிறைந்த நாளில் செய்து வைத்து, இல்லாத நாளில் எடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? வெளியிலிருந்து கொடுத்த ஆர்ஜினினை அது வாங்கியதையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஒரே அறை இருவேறு பொருள்களுக்கு இருவேறு காரணங்களால் இடம் கொடுக்கிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வாகைநிழல்:

அப்படியானால் இல்லாத நாளில் என்ன நடக்கிறது? குதிரைத் திறக்கச் சொல்வது யார்?

பழைய ஆய்வகத்தார்:

நைட்ரஜன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால், வாக்குவோலின் ஆர்ஜினின் குறையத் தொடங்குகிறது. ஏவிடி3, ஏவிடி4 போன்ற வெளியேற்றும் கடத்திகள் வாக்குவோலிலிருந்து அமினோ அமிலங்களைச் சைட்டோசாலுக்குத் தருகின்றன. இதை நிர்வகிப்பதில் முதன்மையானது டார் தொகுதி 1 என்ற புரதக் கூட்டம். ரபமைசின் என்ற மருந்தால் தாக்கப்படும் புரதம் எது என்று பேசெலில் ஈஸ்ட்டைக் கொண்டு தேடியபோது, 1991-இல் கிடைத்தது இந்த டார் புரதம். அது வாக்குவோலின் சவ்விலேயே அமர்ந்திருக்கிறது. குதிரின் மேலேயே கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலம் போதுமானால் வளர்ச்சியை நடத்துகிறது, குறைந்தால் நிறுத்திவிட்டு, செல் தன் பகுதிகளையே சிதைத்துப் பயன்படுத்தும் தன்னுண்ணலைத் திறந்துவிடுகிறது.

தன்னுண்ணல் என்ற சொல் வந்ததும் ஓசுமியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. வாக்குவோல் சவ்வில் அமினோ அமிலம் நுழைவதை 1981-இல் அளந்த அதே மனிதர், 1988-இல் தனி ஆய்வகம் அமைத்ததும், வாக்குவோலுக்குள் என்ன சிதைகிறது என்று பார்க்க விரும்பினார். வாக்குவோலின் புரதச்சிதைப்பிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் சிறு உருண்டைகள் நிறைந்து, ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. செல் தன் சைட்டோபிளாசத்தையே பொட்டலம் கட்டிக் குதிருக்குள் போட்டிருந்தது, சிதைக்க நொதி இல்லாததால் அவை அப்படியே தேங்கிவிட்டன. அந்தக் காட்சியிலிருந்து தொடங்கிய பணிக்கு 2016-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அமினோ அமிலச் சேமிப்பை ஆண்டுக்கணக்கில் பொறுமையாக அளந்த ஒருவருக்கு வாக்குவோலை உற்றுப் பார்க்கும் கண் முன்பே வாய்த்திருந்தது என்பதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வடிசாலைப் பொறுப்பாளர்:

ஐயா, இது எங்களுக்கும் பயன்படும் செய்தி. ஒரு தொட்டிக்கு விடும் ஈஸ்ட்டை முந்தைய நிலையில் எப்படி வளர்த்தோம் என்பதைப் பொறுத்து, புதுத் தொட்டியின் தொடக்கம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். நைட்ரஜன் நன்றாகக் கிடைத்து வளர்ந்த ஈஸ்ட், ஏழையான மொலாசசிலும் தயங்காமல் கிளம்பும். அது தன் சேமிப்பையும் சுமந்துகொண்டு வருகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

நொதிமாணவி:

அடுத்ததாக என் செல்களை நைட்ரஜன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றி, அரை மணிக்கு ஒருமுறை இரு பகுதிகளையும் அளக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு சிக்கல் தெரிகிறது. பட்டினியில் தன்னுண்ணல் தொடங்கினால், வாக்குவோலுக்குள் புதிதாகச் சிதையும் புரதங்களிலிருந்தும் ஆர்ஜினின் வருமே? பழைய சேமிப்பு எவ்வளவு குறைந்தது என்பதை எப்படிப் பிரித்தறிவது?

சவ்வுப்புரதம்:

பெப்4 மரபணு இல்லாத ஈஸ்ட்டையும் இணையாக வையுங்கள். வாக்குவோலின் புரதச்சிதைப்பிகளில் பெரும்பாலானவை செயல்நிலைக்கு வர அந்த மரபணு வேண்டும். அது இல்லாத செல்லில், தன்னுண்ணல் கொண்டுவந்து போடும் பொட்டலங்கள் சிதையாமல் தேங்கிவிடும். ஆகவே அங்கே வெளியேறும் ஆர்ஜினின் பழைய இருப்பிலிருந்து வருவதாகவே பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு, தன்னுண்ணல் கொடுத்தது.

உங்கள் ஈஸ்ட் எந்த மரபுவழியைச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். எஸ்288சி வழியில் வந்தவை அம்மோனியத்திலும் கேப்1-ஐ முழுவதும் அடக்குவதில்லை. பிரசெல்ஸ் ஆய்வுகளில் பயன்பட்ட சிக்மா 1278பி கண்டிப்பாக அடக்கும். ஒருவர் முடிவை மற்றவர் திரும்பப் பெற முடியாமல் போன சில பழைய விவாதங்களுக்கு இந்த வேறுபாடே காரணம். இரண்டு வகைகளும் ஒரே வழியைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். ஹிஸ்டிடினோ லூசினோ வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டிய ஈஸ்ட்டாக இருந்தால் வேண்டாம், கொடுக்கும் அமினோ அமிலமே உள்ளிருப்பை மாற்றிவிடும்.

நொதிமாணவி:

என்னுடையது எஸ்288சி வழி, வெளியிலிருந்து எந்த அமினோ அமிலமும் தேவைப்படாதது. அதே வழியில் பெப்4 நீக்கிய ஈஸ்ட் பக்கத்து ஆய்வகத்தில் ஓர் அக்காவிடம் இருக்கிறது, தருவதாகச் சொல்லிவிட்டார். நாளை தட்டில் கீறி வளர்க்கிறேன். சார்பிட்டால் கரைசலை இன்றே தயாரித்து வைத்துவிட்டேன். அளவுகள் வந்ததும் இரண்டு வகைகளையும் அடுத்தடுத்து இங்கேயே பதிகிறேன்.